புறநகருக்கு வேலைகள் வந்தால் வாடகை ஏன் ஏறுகிறது?

"கம்பெனிகள் வந்தால் ஊர் முன்னேறும் என்றார்கள், வாடகைதானே ஏறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கும், ஏனென்றால் வேகம் வேறு. ஒரு கிடங்கோ அலுவலகமோ ஓரிரு ஆண்டில் ஆளெடுக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கோ நிலம் கைமாற வேண்டும், மனை அங்கீகாரம், கட்டட அனுமதி, குடிநீர், கழிவுநீர் இணைப்பு என்று வரிசையாக நிற்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வீடுகளுக்கே போட்டி.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளாட்சிக்கு வணிக வளாகம் இனிக்கும். வரி வரும், பள்ளிக்கூடம் கேட்காது. குடியிருப்பு வந்தால் சாலை, பள்ளி, குப்பை என்று செலவு. அதனால் வேலைக்கு நிலம் ஒதுக்குவதில் காட்டும் அவசரத்தை வீட்டுக்குக் காட்டுவதில்லை. பாதிக்கப்படுவது காவலாளி, செவிலியர், கடை ஊழியர். வேலை இங்கே, வீடு இரண்டு பஸ் தள்ளி. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே போனால் அதைச் சுமை என்று கணக்கிடுவது பல நாடுகளில் வழக்கம்.

ஒரு மனையில் ஒரு தனி வீடு மட்டும்தான் கட்டலாம் என்ற விதி இருக்கும் இடங்களில் அதைத் தளர்த்துவது பெரிய அளவில் உதவும் என்பது என் கருத்து. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட வழிவிட்டது. அடுத்த ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் கணிசமாகக் கூடின, குறிப்பாக அடுத்தடுத்து ஒட்டிக் கட்டும் வீடுகளுக்கு. வாடகை உடனே இறங்கிவிடாது, ஏறும் வேகம் மட்டுப்படலாம். ஆனால் தண்ணீர்க் குழாயை அகலப்படுத்தாமல் மாடியை மட்டும் உயர்த்த அனுமதித்தால் வேறு தலைவலி.