ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்

பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. பயந்துபோய் ஒரு மாதமாக அந்தப் பக்கம் பிரஷ் வைப்பதில்லை. விரலில் பல்பொடி தொட்டு லேசாகத் தேய்க்கிறேன். ஆனாலும் நிற்கவில்லையே?
(வாசகி, தஞ்சாவூர்)

பிரஷ் படாததால்தான் நிற்கவில்லை. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி ஒன்று வரும். அது சோற்றுத் துணுக்கு இல்லை, பெரும்பாலும் கிருமிதான். அதை எதிர்க்கத்தான் உடம்பு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசிகிறது.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரின் குழு, ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னது. மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனது, சரியாகிவிட்டது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

மென்மையான பிரஷ் வாங்குங்கள். பிரஷ்ஷின் நார்களில் பாதி ஈறின் மேலும் பாதி பல்லின் மேலும் படுகிற மாதிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்னதாக அசையுங்கள். இரவில் கட்டாயம். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், கையை எடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பெரும்பாலும் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பல் டாக்டர்தான் எடுக்க முடியும்.

பல்லை கிளீன் செய்தால் எல்லாப் பல்லும் ஆடிவிடும் என்கிறார்கள். என் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. உண்மையா?
(வாசகர், விருதுநகர்)

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பயத்தோடுதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் அதுதான் காரை. எச்சில் சுரப்பியின் திறப்பு அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, தேய்க்காமல் விட்ட அழுக்கைக் கல்லாக்கிவிடுகிறது. ஒரு அம்மாவுக்கு ஸ்கேலிங், அதாவது காரையை எடுக்கும் கிளீனிங், செய்யும்போது ஒரு துண்டு பெயர்ந்து நாக்கில் விழுந்தது. "ஐயோ, பல்லை உடைச்சிட்டீங்களே" என்று அழுதேவிட்டார். அதை எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினேன். அரிசி நொய் அளவு, மேலே மஞ்சள், ஈறுக்குள் இருந்த முனை கறுப்பு. பல் இப்படியா இருக்கும் என்று அவரே புரட்டிப் பார்த்த பிறகுதான் அமைதியானார்.

உங்கள் அக்காவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: வருடக்கணக்காகக் காரை சேர்ந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு முன்னமே கரைந்திருக்கிறது. காரை, சிமென்ட் மாதிரி நாலைந்து பல்லை ஒட்டவைத்து ஆட்டத்தை மறைத்திருந்தது. எடுத்ததும் தெரிந்தது. வீக்கம் வடியும்போது பல் இடையில் சந்து விழுந்த மாதிரி தோன்றும், சில நாள் கூச்சமும் இருக்கும். அது தணிந்துவிடும். கரைந்த எலும்பு தானாக வளராது. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று கெஞ்சுகிறோம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் ஆழமாகி ரத்தமும் கசிந்தால் வேர் வரைக்கும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சிலருக்கு ஈறைத் திறந்து செய்யும் சிறிய அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

ஐந்து மாதக் கர்ப்பிணி. எச்சில் துப்பினால் ரத்தம். இந்த நேரத்தில் பல் டாக்டரிடம் போகக் கூடாது என்கிறார் மாமியார்.
(வாசகி, சேலம்)

போகலாம், போங்கள். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் வசதியான காலம். கர்ப்ப கால ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் ஈறு பெரிதாக வீங்கும். மாசமாக இருப்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிரஷ் செய்யுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போய்விடுங்கள், டாக்டர் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

அப்பாவுக்கு 63 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். ஈறில் ரத்தம் வருவதால் மாத்திரையை நிறுத்தலாமா?
(வாசகர், மதுரை)

வேண்டவே வேண்டாம். ஈறு ரத்தத்தை நாங்கள் நிறுத்திவிடுவோம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைச் சீட்டோடு அழைத்து வாருங்கள், இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சிகிச்சை செய்யலாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். சிலருக்கு அதனால் ஈறு தடித்து வளரும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டிருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும்.

மவுத்வாஷ், உப்புத் தண்ணீர், நெல்லிக்காய். எது நல்லது?
(வாசகி, கோவை)

மூன்றுமே துணைக்குத்தான், காரையை எதுவும் கரைக்காது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வலிக்கு இதம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும் பயன்படுத்துங்கள், நீண்ட நாள் போனால் பல் பழுப்பாகும், ருசி மாறும். நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இருபது வருடமாக பீடி. ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. ஆனால் முன்பல் ஆடுகிறது.
(வாசகர், திருநெல்வேலி)

புகை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும். மற்றவர்களுக்கு ரத்தம் வந்து எச்சரிக்கிறது, உங்களுக்கு அந்த எச்சரிக்கையே வரவில்லை. எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பீடியை விட்டால்தான் சிகிச்சை சரியாகப் பிடிக்கும்.

மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். இன்று காலை ஈறில் ரத்தம். பல் டாக்டரிடம் போகவா?
(வாசகி, கடலூர்)

இல்லை, இப்போதே பொது மருத்துவமனைக்குப் போங்கள். டெங்குவில் ஈறு ரத்தம் ஒரு அபாய அறிகுறி. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். அதுவரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.