பதில்: 6 மூட்டு, 9 பட்டை, கணக்கு சரி, ஆனாலும் ஒரு மூலை ஆடுகிறது

6 மூட்டுகளில் 9 பட்டைகளைக் கோத்துச் செய்த தட்டையான சட்டம், சூத்திரப்படி பட்டை எண்ணிக்கை சரியாக இருந்தும், ஏன் ஒரு மூலையில் ஆடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். சூத்திரம் தப்பில்லை, அதில் பாதியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். மூட்டு எண்ணிக்கையை இரட்டித்து 3 கழித்தால் 9, சரி. ஆனால் எந்தச் சில மூட்டுகளைத் தனியாக எடுத்தாலும், அவற்றுக்குள் ஓடும் பட்டைகள் அதே கணக்கைத் தாண்டக் கூடாது. தட்டையான பட்டைச் சட்டம் எப்போது ஆடாமல் நிற்கும் என்று சொல்லும் லாமன் தேற்றம் (1970) இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறது. (கணிதவியலாளர் ஹில்டா போலாசெக்-கைரிங்கர் 1927-லேயே நிறுவியது, பெயர் லாமனுக்குப் போய்விட்டது.)

சட்டத்தின் நடுவே உள்ள சதுரத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 4 மூட்டுக்கு 5 பட்டை போதும், அங்கே 6 இருக்கும். ஆறாவது வீண். மீதி 2 மூட்டுக்கு 4 வேண்டிய இடத்தில் 3தான் மிஞ்சும்.

ஒரு மூலைவிட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். சதுரம் அசையாமல் நின்றால், ஆடும் மூலையிலிருந்து சதுரத்துக்கு ஒரு பட்டை கொடுங்கள். அங்கே ஏற்கெனவே உள்ள பட்டையோடு ஒரே கோட்டில் அமையக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஒரே மாதிரி முக்கோணங்களை மூன்று சம நீள, இணையான பட்டைகளால் இணைத்தால் எல்லாக் கணக்கும் சரியாக வரும், ஆனால் ஊஞ்சல் மாதிரி ஆடும். தேற்றம் இப்படிப்பட்ட விசேஷ அமைப்புகளுக்குப் பொருந்தாது. ஒரு பட்டையின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் நின்றுவிடும்.

முப்பரிமாணத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். மூன்றால் பெருக்கி 6 கழிப்பதுதான் அங்கே கணக்கு. ‘இரட்டை வாழைப்பழம்’ என்ற அமைப்பில் (இரண்டு துண்டுகள் இரு முனைகளில் மட்டும் சேர்ந்திருக்கும்) 8 மூட்டு, 18 பட்டை, உட்கணக்கும் சரி. இருந்தும் கதவுக் கீல் போல மடங்கும்.