பாடசாலையில் ஒரு இசைச் சஞ்சிகை – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் உயர்தர மாணவி. கர்நாடக சங்கீதமும் ஊடகக் கற்கையும் எடுக்கிறேன். இந்தத் தவணை எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு இசைச் சஞ்சிகை செய்தோம். ஏ5 அளவு, 16 பக்கம். பிரிட்டிஷ் மாணவர்கள் தங்கள் பாடத்துக்கு இசைச் சஞ்சிகை செய்யும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துத்தான் தொடங்கினோம். கவருக்குக் கறுப்புப் பின்னணி, நியோன் நீல எழுத்து, மைக் பிடித்தபடி எங்கள் வகுப்பு மாணவி ஒருவர். உள்ளே ஒரு கோயில் தவில் வித்துவானின் பேட்டி, ஒரு கீர்த்தனையின் ஸ்வரக்குறிப்பு, திருக்கோணேஸ்வரம் கோயில் பற்றி ஒரு பக்கம். கவரைப் பார்த்த எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள். ஆனால் உள்ளே யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

இப்போது வடிவமைப்பு அனுபவம் பற்றி ஒரு சுயமதிப்பீடு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பிழை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை

*

அன்புள்ள தங்கச்சி,

படங்களைப் பெரிதாக்கி எல்லாப் பக்கங்களையும் வாசித்தேன். தவில் வித்துவானின் பேட்டி உண்மையிலேயே நல்ல பேட்டி. வலக்கை விரல்களில் மாட்டும் கூட்டைத் துணியும் பசையும் சுற்றித் தானே செய்து காயவைப்பதை அவர் சொல்கிறார். உடனே நீங்கள், மழைக்காலத்தில் அது எப்படிக் காயும் என்று கேட்கிறீர்கள். நேரில் உட்கார்ந்து கவனமாகக் கேட்ட ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். இப்படியொரு பேட்டியை யாரும் வாசிக்கவில்லை என்றால், வாசிக்க வந்தவரைப் பக்கம் உள்ளே விடவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் மதிப்பீட்டை இந்த இடத்திலேயே தொடங்கலாம்.

கவரைப் பார்ப்போம். பிரிட்டனில் ஊடகக் கற்கை எடுத்த மாணவர்களுக்கு இது பல வருடம் பழகிய பயிற்சி. புதிதாக ஒரு இசைச் சஞ்சிகைக்கு முகப்பு, உள்ளடக்கப் பக்கம், ஒரு இரட்டைப் பக்கக் கட்டுரை செய்ய வேண்டியிருந்தது. முடிவில் ஏன் இப்படிச் செய்தோம் என்று விளக்கவும் வேண்டியிருந்தது. நல்ல பயிற்சிதான். ஆனால் அவர்கள் பார்த்துப் பழகிய முகப்பு அந்த நாட்டுக் கடைகளுக்காக உருவானது. அங்கே தட்டுகளில் சஞ்சிகைகளை ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரி அடுக்குவார்கள், இடது ஓரம்தான் வெளியே தெரியும். அதனால்தான் பெயரின் தொடக்கமும் முக்கியமான தலைப்புகளும் இடப்பக்கம் வருகின்றன. பார்கோட் இருப்பது கவுண்டரில் ஸ்கேன் பண்ண. உங்கள் சஞ்சிகையை நீங்கள் மண்டபத்தில் வைத்துக் கையில் கொடுத்தீர்கள். அதற்குப் பார்கோட் எதற்கு? இடது ஓரத்தில் ஆறு தலைப்பு எதற்கு? கையில் வந்துவிட்ட சஞ்சிகையை 'வாங்கு' என்று கூவி விற்கத் தேவையில்லை. அந்த இடம் முழுவதும் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த இடம்.

மைக் பிடித்திருக்கும் பிள்ளையின் படம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த நல்ல படம். ஆனால் அந்தப் பிள்ளை உள்ளே எந்தப் பக்கத்திலும் இல்லை. கவரைப் பார்த்தவர் மெல்லிசையோ சினிமாப் பாட்டோ இருக்கும் என்று நினைத்துத் திறக்கிறார், உள்ளே தவிலும் கீர்த்தனையும் இருக்கின்றன. தவில் கேட்க விரும்பும் பெரியவர் கவரைப் பார்த்து இது நமக்கில்லை என்று வைத்துவிடுகிறார். இரண்டு பேரையும் இழந்துவிட்டீர்கள். ஒன்பதாம் பக்க மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு படம் போட்டிருக்கிறீர்களே, கூடு மாட்டிய விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலைமேல் விரிந்திருக்கும் படம்? அதுதான் உங்கள் கவர். தோலில் விழுந்திருக்கும் கறை தெரிகிறது, கூட்டின் விளிம்பில் நூல் பிரிந்திருப்பது தெரிகிறது. அதைக் கவர் முழுக்கப் போட்டு, சஞ்சிகையின் பெயரை மட்டும் வைத்திருந்தால் இது என்ன சஞ்சிகை என்று கேட்க யாருக்கும் தேவை வந்திருக்காது.

அடுத்தது பேட்டிப் பக்கம். 6, 7 இரண்டிலும் படரும்படி அவருடைய பெரிய படத்தை வைத்திருக்கிறீர்கள். மடிப்பு அவர் முகத்தின் நடுவே போகிறது, போதாததற்கு ஒரு பாதி சற்று மேலே ஏறியும் இருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மதிப்பீட்டில் ஒரு நல்ல பத்தி எழுதலாம். கவர்த் தாளை விட்டால், 16 பக்க ஏ5 என்பது நான்கு ஏ4 தாள், நடுவில் மடித்துப் பின் அடிப்பது. அப்படி மடிக்கும்போது 8, 9 இரண்டு மட்டும்தான் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக வரும். 6ஆம் பக்கம் 11ஆம் பக்கத்தோடு ஒரு தாளில் இருக்கும், 7ஆம் பக்கம் 10ஆம் பக்கத்தோடு வேறொரு தாளில் இருக்கும். இரண்டு தாள்களும் மெஷினில் தனித்தனியே போகின்றன, ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முகம் உடைந்துவிடும். இரண்டு பக்கத்துக்குப் படர்கிற படம் வேண்டுமென்றால் அதை 8, 9க்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் முகத்தை மடிப்பிலிருந்து தள்ளி வையுங்கள், அந்த இடத்தில்தான் பின் குத்தும். கணினியில் தொடங்கும் முன் நாலு வெள்ளைத் தாளை மடித்து, பக்க எண் எழுதி, எந்தப் பக்கத்தில் என்ன என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும்.

அதே பேட்டியை மூன்று நெடுக்குப் பத்தியாகப் பிரித்திருக்கிறீர்கள். ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். ஓரங்களையும் இடைவெளிகளையும் கழித்தால் ஒரு பத்திக்கு நாலு சென்டிமீட்டர்கூடத் தேறாது. 'வாசித்துக்கொண்டிருக்கும்போது' என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்கிறது. இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று கணினி சொற்களை இழுத்துப் பிடிக்கிறது, வரிக்கு வரி நடுவில் வெள்ளை ஓட்டைகள். ஆங்கிலச் சொற்கள் குட்டை, அவர்களுக்கு மூன்று பத்தி சரிவரும். நமக்கு இந்த அளவில் ஒரே பத்திதான் நல்லது. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். வரிகளுக்கு நடுவேயும் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள், மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ'யில் முட்டுகிறது.

இனி ஸ்வரப் பக்கம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஒரு இசைச் சஞ்சிகையில் இசையே நேரடியாகத் தாளில் இருக்கிற பக்கம் இது ஒன்றுதான். அதைப் பார்த்து ஒருவர் பாட முடிய வேண்டும். உங்கள் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் பாடிப் பார்த்தேன், முடியவில்லை. மேல் ஸ்தாயிக்கு ஸ்வரத்தின் மேலே புள்ளி, தாழ்ந்த ஒலியான மந்தர ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பது நமக்குப் பழக்கமான முறை. தமிழில் மேலே புள்ளி வைத்தால் மெய்யெழுத்தாகிவிடும். ஸ என்பது ஸ் ஆகும், க என்பது க் ஆகும். சங்கீதம் படித்த பிள்ளை அதைச் சரியாகவே வாசித்துக்கொள்ளும், சமாளிக்கலாம். கீழ்ப் புள்ளிதான் பிரச்சினை. சாதாரண விசைப்பலகையில் அது கிடைக்காது, நீங்களும் விட்டுவிட்டீர்கள். பல்லவியில் 'ஸ நி ஸ ரி' என்று ஓர் இடம் வருகிறது. அங்கே நி மந்தரத்தில் இருக்க வேண்டியது, ஒரு படி கீழே இறங்கித் திரும்ப வரும் மெல்லிய அசைவு. புள்ளி இல்லாததால் ஸவிலிருந்து ஒரேயடியாக மேலே உள்ள நிக்குத் தாவி மறுபடி கீழே விழுகிறது. ராகமே வேறாகத் தெரிகிறது. ஒரு புள்ளி விடுபட்டதால் வந்த வினை.

அப்புறம் சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள். ஒவ்வொரு எழுத்தும் அதற்குரிய ஸ்வரத்தின் நேர்கீழே நிற்க வேண்டும். ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் இடம் பெயர்ந்துவிட்டது. ஸ்பேஸை நம்பாதீர்கள், ஒரு அட்டவணை போடுங்கள். ஆதி தாளத்துக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 8 அட்சரம், 4, 2, 2 என்று பிரியும். ஆகவே எட்டுக் கட்டம். நாலாவது கட்டத்துக்குப் பிறகும் ஆறாவதுக்குப் பிறகும் ஒற்றைக் கோடு, கடைசியில் இரட்டைக் கோடு. மேல் வரிசையில் ஸ்வரம், கீழ் வரிசையில் சாகித்தியம். மற்றக் கட்டக் கோடுகளின் நிறத்தை வெள்ளையாக்கிவிட்டால் பக்கம் சுத்தமாக இருக்கும், கண்ணும் தாளத்தோடு நகரும். பார்க்கிறவர் கை தானாகவே தட்டத் தொடங்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. வகுப்பில் நல்ல கையெழுத்துள்ள ஒரு பிள்ளையை நல்ல கறுப்புப் பேனையால் அந்தப் பக்கத்தைக் கையால் எழுதச் சொல்லுங்கள். சங்கீத ரீச்சர் ஒருமுறை பார்த்துத் திருத்தட்டும். 300 டிபிஐயில் ஸ்கேன் பண்ணி அப்படியே வையுங்கள். புள்ளிகள், கோடுகள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு நீங்கள் போடும் வளைவுகள் எல்லாம் இருக்கும். 1976இல் லண்டனில் 'ஸ்னிஃபின் குளூ' என்ற பங்க் இசைச் சஞ்சிகையின் தலைப்புகளைத் தடித்த பேனையால் கையாலேயே எழுதி, போட்டோக்கொப்பி அடித்து விற்றார்கள். இசைச் சஞ்சிகை வரலாற்றில் அதற்கு இன்றும் மதிப்பான இடம் இருக்கிறது. கையெழுத்து என்றால் வசதியில்லாதவர்கள் செய்தது என்று நினைக்க வேண்டாம்.

கறுப்புப் பின்னணி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் ஒளிர்கிற நியோன் நீலம் அச்சு மையில் வராது, மங்கித்தான் வரும். கறுப்பின்மேல் சிறிய வெள்ளைத் தமிழ் எழுத்து வைத்தால் 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகளை மை அடைத்துவிடும். லேசர் பிரின்டில் மடிப்போரம் கறுப்பு உதிரும், உங்கள் பிரதியிலேயே உதிர்ந்திருக்கிறது. உள்ளே வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. வேறொன்றும் வேண்டாம். கோயில் பக்கக் கட்டுரையில் சில வரிகள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடக்கின்றனவே, அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பகுதி. யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டியிருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை வேறொருவர் ஒப்புநோக்கியிருந்தால் பிடித்திருப்பார்.

ஆசிச் செய்திகள் முதல் நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டன. பெரியவர்களிடம் ஆசி கேட்பது நம் வழக்கம், அதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் 16 பக்கத்தில் கால்வாசி போய்விட்டது, வாசகர் ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போது களைத்துவிடுகிறார். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், ஆளுக்கு மூன்று வரியாக, கடைசியில் வைக்கலாம். முன்கூட்டியே மூன்று வரிதான் இடம் என்று மரியாதையாகச் சொல்லிக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். மிச்சமாகும் மூன்று பக்கத்துக்கு நம்மூரில் விஷயமா இல்லை?

திருக்கோணேஸ்வரப் பக்கத்தையே பாருங்கள். சுவாமி மலை, கடல், கோபுரம், மான்கள் என்று சுற்றுலாக் கையேட்டில் இருக்கிற எல்லாம் இருக்கிறது, இசை மட்டும் இல்லை. சம்பந்தர் கோணமலைமீது பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. அதைப் பூபாள ராகத்தோடு இணைத்துச் சொல்வார்கள். பண் என்றால் என்ன, அது எப்படி இன்று ராகமாகப் பாடப்படுகிறது என்று கோயில் ஓதுவாரிடமோ ரீச்சரிடமோ கேட்டு, முதல் அடியை உங்கள் எட்டுக் கட்டம் போல ஒரு சின்ன அட்டவணையில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை யாரும் தாண்டிப் போயிருக்கமாட்டார்கள். பாலையூற்றில் பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களில் வயலினோடு ஆடும் கப்ரிஞ்ஞா இருக்கிறது. கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பா இருக்கிறது. அதில் ஒருவர் ஒரு அடி சொல்ல, மற்றவர்கள் இழுத்தபடி பதில் சொல்வார்கள். அதைத் தாளில் எப்படி அமைப்பது என்று யோசித்துப் பாருங்கள். சொல்கிறவர் அடி இடப்பக்கம், கூட்டமாகப் பதில் சொல்வது வலப்பக்கம் தடித்த எழுத்தில். அவ்வளவுதான், வாசிக்கிறவருக்குக் கரை தெரியும். வடிவமைப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். பாட்டு எப்படி ஒலிக்கிறதோ, அதைக் கேட்டுவிட்டு அதன்படி இடம் ஒதுக்குவது.

இனி மதிப்பீடு. 'நீலம் இளைஞர்களைக் கவரும் என்பதால் தேர்ந்தெடுத்தோம்' என்ற மாதிரி வரிகளை எழுதாதீர்கள், அதை யாரும் எந்தச் சஞ்சிகைக்கும் எழுதலாம். இரண்டே இரண்டு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பேட்டியும் ஸ்வரக்குறிப்பும். என்ன செய்ய நினைத்தீர்கள், தாளில் என்ன வந்தது, ஏன் அப்படி வந்தது, இப்போது எப்படி மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். பழைய பக்கத்தையும் மாற்றிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். மாற்றிய ஸ்வரப் பக்கத்தைச் சங்கீதம் படிக்கும் வேறு வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துப் பாடச் சொல்லி, எங்கே தடுக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசகர் கருத்து என்ற பகுதிக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பேட்டியின் தலைப்பில் 'கோயில் தவில் வித்துவானுடன் ஒரு சந்திப்பு' என்று இருக்கிறது. படத்தின் கீழேயும் 'தவில் வித்துவான்' என்றுதான் இருக்கிறது. 16 பக்கத்திலும் தேடினேன், அவர் பெயர் இல்லை. ஆசி வழங்கியவர்களின் பெயர் பட்டங்களோடு இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. நம் விழா மலர்களில் 'நாதஸ்வர தவில் கோஷ்டி' என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் உங்கள் கைக்கும் வந்துவிட்டது. அவர் பெயரைத் தலைப்பிலேயே, பேட்டியில் மிகப் பெரிய எழுத்தில் போடுங்கள். மிச்சமிருக்கும் பிரதிகளில் பேனையால் எழுதிவிடலாம், நேரம் அதிகம் எடுக்காது. எழுதிவிட்டு அவருக்கு இரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். விரல் படத்தை அடுத்த கவருக்குப் போடலாமா என்று அவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா