கீழமை நீதிபதி மேல் புகார்: முகநூலுக்கு முன் உயர் நீதிமன்றம்

நண்பரே, உங்கள் வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் எதிர்த்தரப்போடு தனியாகப் பேசியதைப் பார்த்ததாகவும், முகநூலில் எழுதினால் அவமதிப்பு வழக்கு வருமோ என்றும் கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, கீழமை நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் தரும் புகார் அவமதிப்பு ஆகாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே விஜிலன்ஸ் பதிவாளர் இருக்கிறார். தேதி, நேரம், கண்ணால் கண்டது, இவ்வளவையும் அபிடவிட்டாக (உண்மை என்று உறுதியளித்துக் கையெழுத்திடும் வாக்குமூலமாக) எழுதி அனுப்புங்கள். 'காசு வாங்கியிருப்பார்' என்ற ஊகத்தை தயவுசெய்து சேர்க்காதீர்கள், நல்ல புகாரையே அது கெடுத்துவிடும். முகநூல் பதிவா? இப்போதைக்குப் பொறுங்கள்; வழக்கு இறுதியாக முடிந்தபின் தீர்ப்பை நேர்மையாக விமர்சிக்க அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்புறம், வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற மனு போடலாமா என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள்.