சி நூலகமும் பிறமொழி பைண்டிங்குகளும்: விடுவிப்பது யார் பொறுப்பு?

கேள்வி: என் சி நூலகத்தைப் பிற மொழிகளிலிருந்து பைண்டிங் (இடையில் நின்று இணைக்கும் நிரல்) வழியே அழைக்கிறார்கள். அதன் ஒரு ஃபங்ஷன், மாலக் (நினைவகம் ஒதுக்கும் சி ஃபங்ஷன்) கொண்டு ஒதுக்கிய சரத்தைத் திருப்பித் தருகிறது. அழைப்பவரே ஃப்ரீ (அதை விடுவிக்கும் சி ஃபங்ஷன்) செய்துகொள்ள வேண்டும் என்று ஆவணத்தில் எழுதிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. விண்டோஸில் உங்கள் டிஎல்எல் (நூலகக் கோப்பு) ஒரு சி ரன்டைமோடும் (மாலக், ஃப்ரீ போன்ற அடிப்படை ஃபங்ஷன்களைத் தருவது) அழைக்கும் நிரல் வேறொன்றோடும் இணைக்கப்பட்டிருக்கக்கூடும்; அப்போது இரண்டுக்கும் ஹீப் (நினைவகம் ஒதுக்கப்படும் பகுதி) தனித்தனியாக இருக்கும் என்பதால், ஒன்றில் ஒதுக்கியதை மற்றொன்றின் ஃப்ரீயிடம் கொடுத்தால் நிரல் அங்கேயே விழலாம், அல்லது வெகுநேரம் கழித்துத் தொடர்பே இல்லாத வரியில் விழுந்து உங்களை அலைக்கழிக்கலாம். ஒதுக்கிய நூலகமே விடுவிக்கும் ஃபங்ஷனையும் தர வேண்டும். எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள நூலகம், தான் ஒதுக்கித் தரும் பிழைச் செய்திகளை எஸ்கியூலைட்3_ஃப்ரீ கொண்டே விடுவிக்கச் சொல்கிறது.

கேள்வி: அப்படியே ஒரு ஃபங்ஷன் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பைத்தானின் சிடைப்ஸ் (சி நூலகங்களை அழைக்க உதவும் தொகுதி) வழியே அழைத்தால் நினைவகம் கசிகிறது. ஏன்?

பதில்: திரும்பும் வகையை சி_சார்_பி (சரத்தின் பாயிண்டர், அதாவது அதன் நினைவக முகவரி) என்று அறிவித்திருப்பீர்கள். சிடைப்ஸ் அந்தச் சரத்தை பைட்ஸ் பொருளாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டு மூல பாயிண்டரைக் கைவிட்டுவிடும். விடுவிப்பதற்கு உங்களிடம் முகவரியே மிஞ்சாது. சி_வாய்ட்_பி (வகை குறிக்காத வெறும் முகவரி) என்று மாற்றி, உள்ளடக்கத்தை நகலெடுத்த பிறகு விடுவியுங்கள். விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (அது ஏற்கும் மதிப்புகளின் வகை) குறிப்பிடவும் மறக்காதீர்கள். இல்லையெனில் முகவரி வெறும் இன்ட் (32 பிட் முழு எண்) ஆகச் சென்று, 64 பிட் கணினியில் பாதி வெட்டுப்படும். நானாக இருந்தால் இந்த ஃபங்ஷனையே வேறுவிதமாக எழுதுவேன்: இடையகத்தையும் அதன் அளவையும் அழைப்பவர் தருவார், இடம் போதாவிட்டால் சியின் எஸ்என்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் செய்வதுபோலத் தேவையான அளவை மட்டும் சொல்லிவிடலாம்.

கேள்வி: ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வகை) உறுப்புகளை, பயனர்களுக்குத் தரும் ஹெடர் கோப்பில் வெளிப்படையாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்ட்ரக்டின் பெயரை மட்டும் சொல்லும் முன்னறிவிப்பு போதும். நாளை ஓர் உறுப்பைச் சேர்த்தால், அளவைத் தன்னுள் எழுதி வைத்துக்கொண்ட ஒவ்வொரு பைண்டிங்கும் உடையும்.

கேள்வி: குப்பை சேகரிக்கும் (பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும்) மொழிகளில் தாய்ப் பொருள் (தரவுத்தள இணைப்பு போல), அதைச் சார்ந்த சேய்ப் பொருளுக்கு (அதில் ஓடும் கட்டளை போல) முன்பே அழிந்தால் என்ன செய்வது?

பதில்: அழியும் வரிசைக்கு அங்கே உத்தரவாதம் இல்லை என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும். எஸ்கியூலைட்டின் பழைய குளோஸ் ஃபங்ஷன், முடிக்கப்படாத கட்டளைகள் இருந்தால் பிஸி என்று சொல்லி மறுத்துவிடும். ஃபைனலைசருக்குள் (பொருள் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) இருந்து அந்த மறுப்பை யாரிடம் சொல்வது? 2012இல் வந்த 3.7.14 பதிப்பில் சேர்ந்த குளோஸ்_வி2, இணைப்பை உடனே அழிக்காமல், கடைசிக் கட்டளை முடியும்வரை உயிரோடு வைத்திருக்கிறது. உங்கள் நூலகத்திலும் சேய் ஒவ்வொன்றும் தாயின் மீது ஓர் எண்ணிக்கையைப் (அது பூஜ்யமாகும்வரை தாய் அழியாது) பிடித்துக்கொண்டால் அதே பலன் கிடைக்கும்.

கேள்வி: கால்பேக்கைப் (நூலகம் பின்னர் அழைக்கும் பயனரின் ஃபங்ஷன்) பதிவு செய்யும் ஃபங்ஷனில் கவனிக்க வேண்டியது எது?

பதில்: பயனர் தரவுக்கு ஒரு வாய்ட் பாயிண்டரும், அந்தத் தரவு இனித் தேவையில்லை என்னும்போது நூலகம் அழைக்க ஓர் அழிப்பு ஃபங்ஷனும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது இல்லாவிட்டால், கால்பேக் பொருளை எப்போது விடலாம் என்று தெரியாமல், பைண்டிங் எழுதுபவர் அதை நிரல் முடியும்வரை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவார்.