முதல் ஆட்டத்திலேயே நண்பர்கள் கழன்றுகொண்டால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். அடுத்த முறை அதன் விதிப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை நீங்களே எழுதி எடுத்துப்போய், நேராகக் கதைக்குள் இறக்கிவிடுங்கள்.

பெங்களூரு மடிவாளா வீட்டில் ஆறு பேரைக் கூட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கியதாகவும், இரண்டு மணி நேரத்தில் எல்லாரும் போனை எடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் முழுக்கக் கதாபாத்திரம் உருவாக்குவதிலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன். 1974இல் இது வெளிவந்தபோதே இந்தச் சிக்கல் உண்டு. பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடியவர்களை மனதில் வைத்து எழுதிய விதிகள் அவை. மற்றவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. புதியவர்களுக்கென்று தனிப் பெட்டி 1977இல்தான் வந்தது.

நான் கற்றது ஜெயநகரில் ஒரு நண்பர் வீட்டில். “கதவு பூட்டியிருக்கு, என்ன பண்ற?” என்று கேட்டார். அவ்வளவுதான், அன்று நள்ளிரவு வரை எழுந்திருக்கவில்லை.

நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னவரை இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லி, அவருடைய கதாபாத்திரத்தின் திறனுக்கு நீங்கள் எழுதிவைத்த எண்ணைக் கூட்டுங்கள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. முதல் நாளுக்கு இது போதும். அரை மணிக்குள் யாராவது “கூரை வழியா இறங்கலாமா?” என்று கேட்டால், பிடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஆனால் ஆறு பேர் அதிகம். சண்டை வந்தால் தன் முறைக்குக் காத்திருந்தே சலித்துவிடுவார்கள். நான்கு பேரோடு நிறுத்துங்கள். அப்புறம், நீங்கள் எழுதியிருந்த கன்னட நண்பரும் வருவதானால் முழுக்கத் தமிழிலேயே ஓட்டாதீர்கள், அவர் தனித்து உட்கார்ந்திருப்பார்.