கால்சியம் மாத்திரை போட்டால் புற்றுநோய் வருமா? செல்லுக்குள் கால்சியம் செய்யும் வேலைக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் போடும் கால்சியம் மாத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாப்பாட்டில் சேரும் கால்சியம் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கொஞ்சம் குறைப்பதாகத்தான் பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. பால் பொருட்களை மிக அதிகமாகச் சாப்பிடும் ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் கூடுமோ என்ற சந்தேகம் உண்டு, அது இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

நான் உயிர்வேதியியல் படித்து, கோயம்புத்தூரில் செல் வளர்க்கும் லேப் ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது கொழிஞ்சாம்பாறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டுக்குள் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கால்சியத்தை விளக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர்.

ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டி வந்தால்தான் சித்தூர் தாலுகாவில் வயல் நனையும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் அதற்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கு. ஆனால் வரப்பில் நிற்கும் எங்கள் மாமாவுக்கு அந்த 7.25 ஒரு பொருட்டே இல்லை. மூலத்தரைத் தடுப்பணையில் ஷட்டரை என்றைக்குத் தூக்குவார்கள், வலது கால்வாயா இடது கால்வாயா, எத்தனை நாள் விடுவார்கள்? இதைத்தான் கேட்பார். நடவுக்கு வந்தால் அது சோறு. கதிர் முற்றிச் சாயும்போது வந்தால் அதே தண்ணீர் நாசம்.

செல்லிலும் இதே கதைதான். செல்லுக்கு வெளியே கால்சியம் லிட்டருக்கு ஒரு மில்லிமோலுக்குச் சற்று மேல். உள்ளே சைட்டோபிளாசம் என்ற கூழில் சுமார் 100 நானோமோல். பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம்! இவ்வளவு பாடுபட்டு உள்ளே ஏன் வறட்சியாக வைத்திருக்க வேண்டும்? ஒன்று, நிறைய இருந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும். இன்னொன்று, காய்ந்த வாய்க்காலில் ஒரு குடம் ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியும். செல் அந்த ஒரு குடத்தைத்தான் செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

அணையும் உள்ளேயே இருக்கிறது. எண்டோபிளாச வலைப்பின்னல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதுதான். வெளியிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து செல்லின் மேல்சவ்வைத் தொட்டதும் ஐபி3 என்ற குட்டி மூலக்கூறு உருவாகி, அணையின் ஷட்டரைத் திறக்கிறது. 1983இல் கணையச் செல்களில் கண்டுபிடித்த சங்கதி இது. வேலை முடிந்ததும் செர்கா என்ற பம்பு, செல்லின் சக்திக் காசான ஏடிபி ஒன்றைச் செலவழித்து இரண்டு கால்சியம் வீதம் அணைக்கே திருப்பி ஏற்றும். அணை வற்றினால்? ஸ்டிம் என்ற புரதம் உள்ளே மட்டம் பார்க்கும் வாட்ச்மேன். வற்றியது தெரிந்ததும் நகர்ந்து போய், மேல்சவ்வில் ஒராய் என்ற கதவைத் திறந்துவிடும், வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வரும். ஸ்டிம்மின் இந்த வேலை 2005இல் தெரிந்தது, ஒராய் 2006இல். ஒராய் என்பது கிரேக்கப் புராணத்தில் சொர்க்கவாசல் காப்பவர்களின் பெயர். நம் ஆட்கள் யாராவது கண்டுபிடித்திருந்தால் ஜய விஜயர்கள் என்று வைத்திருப்பார்கள்.

வந்த கால்சியத்தைக் கால்மாடுலின் என்ற புரதம் நான்கு நான்காகப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளைத் தட்டி எழுப்பும். எவ்வளவு வந்தது என்பதோடு எத்தனை தடவை விட்டுவிட்டு வந்தது என்பதையும் செல் எண்ணுகிறது. தசை சுருங்குவது, கருவுற்ற முட்டை விழிப்பது, செல் பிரிவது, செல் சாவது எல்லாவற்றுக்கும் இதே கால்சியம்தான். லேபில் கால்சியம் பட்டால் மின்னும் சாயம் ஏற்றிய செல்களை மைக்ரோஸ்கோப்பில் முதல்முறை பார்த்தபோது, பச்சையாக மின்னி மின்னி அடங்குவதைக் கண்டு சாப்பிடப் போகவே மறந்துவிட்டேன்.

இனிப் புற்றுநோய். புற்றுச்செல் புதிதாகத் தண்ணீர் எதையும் கொண்டுவருவதில்லை, ஷட்டர் சாவியைத் திருடிக்கொள்கிறது.

அணையை ஒட்டியே செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. அங்கே கொஞ்சம் கால்சியம் போனால் சக்தி உற்பத்தி கூடும். வெள்ளமாய்ப் போனால் மைட்டோகாண்ட்ரியா உடைத்துக்கொண்டு சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியேறி, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். கெட்டுப்போன செல் இப்படிச் சாவதுதான் உடம்புக்கு நல்லது. பிசிஎல்-2 என்ற புரதம் அணையின் ஷட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்து கால்சியம் வருவதைக் குறைத்துவிடும். ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் 14, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் இந்தப் புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. சாக வேண்டிய செல் சாவதில்லை.

இன்னொரு திருட்டு, பரவுவதில். செல் நகர வேண்டுமானால் முன்கால் ஒட்டி, பின்கால் விட வேண்டும், அதற்கும் கால்சியம் வேண்டும். மார்பகப் புற்றுச்செல்களில் ஸ்டிம், ஒராய் இரண்டையும் குறைத்தால், எலிகளில் அவை பரவுவது குறைந்ததை 2009இல் காட்டினார்கள்.

அப்படியானால் கதவை அடைக்கும் மருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இதயமும் மூளையும் அதே கால்வாயில்தான் பாய்ச்சுகின்றன. தாப்சிகார்கின் என்ற செடிப்பொருள் செர்கா பம்பை நிறுத்தும், ஆனால் நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்காமல் கொல்லும். கட்டியின் பக்கம் போனால் மட்டும் விஷமாக மாறும்படி அதற்கு மூடி போட்டு மனிதர்களிடம் சோதித்தார்கள். மெடிக்கல் ஷாப் வரை வரவில்லை. (பி.பி.க்குக் கொடுக்கும் அம்லோடிபின் அடைப்பது வேறு கால்சியக் கதவை. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.)

மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் விழுங்குவது ரத்தத்துக்கு வரும்போதே கழுத்துச் சுரப்பியிலிருந்து வரும் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் அளவைப் பிடித்து நிறுத்திவிடும், செல்லுக்குள் இருக்கும் ஷட்டர் வரை மாத்திரையின் கை நீளாது. ஆனால் தலைகீழாக நடக்கும். புற்றுநோய் ரத்தக் கால்சியத்தைக் கூட்டும்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று, ஆபரேஷன் முடிந்து ஐந்து வருஷம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு வாரமாக ஓயாத தாகம், மலச்சிக்கல், சோர்வு. என்னை என் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நானே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கால்சியம் டெசிலிட்டருக்கு 13.8 மில்லிகிராம். சாதாரணமாக 8.5 முதல் 10.5க்குள் இருக்க வேண்டும். அண்ணன் உடனே வீட்டில் ராகிக்களியையும் பாலையும் நிறுத்திவிட்டான். "அதுல ஒண்ணும் இல்லீங்ணா, எலும்பு கரையுது" என்றேன். புற்றுச்செல்கள் பாராதைராய்டு ஹார்மோன் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கும், எலும்பிலேயே போய் உட்கார்ந்தும் அரிக்கும். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, எலும்பு கரைவதை நிறுத்தும் சோலெட்ரானிக் அமில ஊசி போட்டார்கள். நாலாம் நாள் என்னைப் பார்த்து, "என்ன கண்ணு, லேபைப் பூட்டிட்டா வந்தே?" என்று கேட்டார்.

புற்றுநோய் உள்ளவருக்குத் தாகம், மலச்சிக்கல், குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் வயசு என்று விடாமல் அன்றைக்கே கால்சியம் பாருங்கள். கூடவே ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் கால்சியம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.